பழைய லேப்டாப்: ஸ்க்ரூ டிரைவரா, சீட்டுப் பணமா?

போன வருஷம் ஏப்ரல் மாசம். மூணாவது வருஷம் முடியப் போகுது, ஜூலையில பிளேஸ்மென்ட் ஆரம்பம். என் லேப்டாப்ல பவர் பட்டனை அழுத்தினா, டெஸ்க்டாப் வந்து க்ரோம் திறக்க மூணு நிமிஷம் பத்து செகண்ட் ஆச்சு. ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பார்த்த கணக்கு இது. அக்கா காலேஜ் சேர்ந்தப்ப 2018-ல வாங்கினது. ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க்.

அப்பா ஒரு நாள் நைட்டு சாப்பிடும்போது, "சீட்டை எடுத்துடறேன், புதுசு வாங்கிக்கோ"ன்னு சொன்னார். அது அக்கா கல்யாணத்துக்குன்னு கட்டிட்டு வந்த சீட்டு. எனக்கும் ஆசைதான். கிட்டத்தட்ட சரின்னு சொல்லிட்டேன். அக்காதான், "அதுல என்ன ரிப்பேர்னு முதல்ல பாத்தியா?"ன்னு கேட்டா. பார்க்கவே இல்ல. "பழசு, அதனால ஸ்லோ" அவ்வளவுதான் என் டயக்னாசிஸ். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கிறவங்க சொல்ற பதிலா இது?

உங்கள்ல பல பேர் வீட்லயும் இப்ப இதே பேச்சு ஓடிட்டு இருக்கும். அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை. புதுசு வாங்காதீங்கன்னு சொல்ல வரல. எந்த பார்ட் உங்களைக் காக்க வைக்குதுன்னு தெரிஞ்சிக்கிட்டு, அப்புறம் முடிவு எடுங்கன்னு சொல்ல வர்றேன். லேப்டாப்போட வயசை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

நான் முதல்ல பண்ண தப்பு

அக்கா கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துடுச்சு. ஒரு வீடியோ பார்த்தேன். "ராம் போட்டா லேப்டாப் பறக்கும்"னு சொன்னாங்க. 1,100 ரூபாய்க்கு 4 ஜிபி ராம் வாங்கிப் போட்டேன், மொத்தம் 8 ஜிபி ஆச்சு. க்ரோம்ல பத்து டேப் திறந்தா முன்ன மாதிரி தொங்கல, அது உண்மை. ஆனா ஆன் ஆகற நேரம்? மூணு நிமிஷம் பத்து செகண்ட், இப்ப மூணு நிமிஷம். பத்து செகண்டுக்கு 1,100 ரூபாய்.

ராம்ல எந்தக் குறையும் இல்ல. என்னைக் காக்க வெச்ச பார்ட் அது இல்ல, அவ்வளவுதான்.

கேட் மூடியிருந்தா எந்த பைக்கா இருந்தா என்ன

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல நின்னவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஹார்பருக்குப் போற கூட்ஸ் வண்டி மெதுவா நகரும். அது முடியறதுக்குள்ள கும்மிடிப்பூண்டி லோக்கல் வரும். கேட் திறக்காது. அந்த நேரத்துல உங்ககிட்ட இருக்கறது பழைய ஸ்கூட்டியா, 350 சிசி பைக்கான்னு யாருக்கும் கவலை இல்ல. ரெண்டும் ஒரே வரிசைலதான் நிக்கும். பெரிய இன்ஜின் வாங்கிட்டு வந்தா, வேகமா வந்து அதே கேட்ல நிப்பீங்க.

கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பர்ல ஆம்டால் விதின்னு படிச்சிருப்பீங்க. ஜீன் ஆம்டால் 1967-ல சொன்ன கருத்து. நானும் ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணதுதான். ஒரு வேலையில ஒரு பகுதியை மட்டும் வேகமாக்கினா, மொத்த வேலைக்குக் கிடைக்கற லாபம் அந்தப் பகுதி எவ்வளவு பெருசோ அந்த அளவுக்குள்ளதான் இருக்கும்.

கணக்குக்கு ஒரு லேப்டாப் ஆன் ஆக 200 செகண்ட் ஆகுதுன்னு வெச்சுக்கலாம். அதுல 170 செகண்ட் டிஸ்க்குக்காகக் காத்திருக்கு, 30 செகண்ட் ப்ராசசர் வேலை பண்ணுது. ப்ராசசரை ரெண்டு மடங்கு வேகமாக்கினா 170 கூட்டல் 15, அதாவது 185 செகண்ட். கண்ணுக்கே தெரியாது. டிஸ்க்கை பத்து மடங்கு வேகமாக்கினா 17 கூட்டல் 30, வெறும் 47 செகண்ட். லேப்டாப் ஒண்ணுதான், நாம எதுல கை வெச்சோம்கறதுதான் வித்தியாசம்.

டிஸ்க் ஏன் இவ்வளவு மெதுவா இருக்குன்னும் பார்த்துடலாம். லேப்டாப் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுத்து. செகண்டுக்கு 90. ஒரு சுத்துக்கு சுமார் 11 மில்லி செகண்ட். நமக்கு வேணும்கற இடம் தலைக்கு நேரா வர சராசரியா பாதி சுத்து, 5.6 மில்லி செகண்ட். தலை சரியான வட்டத்துக்கு நகர்ந்து போக இன்னொரு 12 மில்லி செகண்ட் போல ஆகும். ஆக ஒரு சின்ன ஃபைலைத் தொட ஏறக்குறைய 18 மில்லி செகண்ட். அப்படின்னா செகண்டுக்கு ஐம்பத்து சொச்சம் தடவைதான் தொட முடியும். விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத் தொடுது. எஸ்எஸ்டியில சுத்தற பாகமே கிடையாது. ஒரு தடவை தொட 0.1 மில்லி செகண்ட் அளவுலதான் ஆகும்.

இதுல இன்னொரு விஷயமும் புரியும். கடையில "செகண்டுக்கு 3,500 எம்பி"ன்னு என்விஎம்இ எஸ்எஸ்டி காட்டுவாங்க. சாட்டா எஸ்எஸ்டி சுமார் 550 எம்பிதான். பெரிய வீடியோ ஃபைலை காப்பி பண்றவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். நம்ம மாதிரி கோட் எழுதி, பிடிஎஃப் படிக்கிறவங்களுக்கு ஹார்டு டிஸ்க்ல இருந்து சாட்டாவுக்குப் போறதுதான் பெரிய தாவல். சாட்டாவுல இருந்து என்விஎம்இ போறது சின்ன படி. உங்க பழைய லேப்டாப்ல சாட்டா மட்டும்தான் போகும்னாலும் வருத்தப்பட வேண்டாம்.

பத்து நிமிஷ டெஸ்ட்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். பர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்க. அப்புறம் நீங்க தினமும் பண்ற வேலையை அப்படியே பண்ணுங்க. க்ரோம்ல வழக்கமான டேப், கோட் எடிட்டர், ஒரு மீட்டிங், எல்லாம். பத்து நிமிஷம் மூணு கிராஃபையும் கவனிங்க.

டிஸ்க் 100 சதவீதத்துல ஒட்டிக்கிட்டு, சிபியு 20, 30-ல இருந்தா, உங்க கேட் டிஸ்க்தான். அதே இடத்துல டிஸ்க் வகை ஹெச்டிடியா எஸ்எஸ்டியான்னும் எழுதியிருக்கும். ஹெச்டிடின்னா பாதி முடிவு எடுத்தாச்சு.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி இருந்தா ராம் பத்தல. இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. ராம் நிரம்பிட்டா விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்ல கொண்டு போய் வெக்கும். அதனால டிஸ்க்கும் 100 காட்டும். ரெண்டும் சேர்ந்து உச்சத்துல இருந்தா, எல்லாத்தையும் மூடிட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, ஒரே ஒரு ப்ரோக்ராமை மட்டும் திறந்து பாருங்க. மெமரி குறைவா இருக்கும்போதும் டிஸ்க் 100-ல நின்னா டிஸ்க்தான் காரணம். மெமரியோட சேர்ந்து டிஸ்க்கும் இறங்கிட்டா ராம்தான் காரணம்.

சிபியு நேரம் முழுக்க 100-ல இருந்தா, மத்த ரெண்டும் சும்மா இருந்தா, அது கெட்ட செய்தி. லேப்டாப்ல ப்ராசசரைப் பொதுவா மாத்த முடியாது. ஆனா அதுக்கு முன்னாடி ஃபேன் பக்கம் கையை வெச்சுப் பாருங்க. ரொம்ப சூடா, சத்தமா இருந்தா தூசியா இருக்கலாம். எங்க ஏரியாவுல நாள் முழுக்க கன்டெய்னர் லாரி ஓடும். ஜன்னலைத் திறந்து வெச்சா சாயந்தரத்துக்குள்ள மேசை மேல விரலால பேர் எழுதலாம். அந்தத் தூசிதான் ஃபேனுக்குள்ளயும் போகும். சூடு ஏறினா ப்ராசசர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். கிளீன் பண்ணி, தெர்மல் பேஸ்ட் மாத்தினதுக்கு அப்புறம் அதே டெஸ்ட்டைத் திரும்பப் பண்ணுங்க. அப்பவும் 100-ன்னா சிபியு நிஜமாவே பத்தல.

பேட்டரிக்குத் தனி டெஸ்ட். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜின்னு டைப் பண்ணி, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஒரு ஸ்லாஷ் போட்டு, பேட்டரிரிப்போர்ட்னு சேர்த்து எழுதுங்க. எல்லாம் இங்கிலீஷ்லதான். ஒரு ரிப்போர்ட் உருவாகும். அதுல டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு ரெண்டு எண் இருக்கும். ரெண்டாவது எண் முதல் எண்ல பாதிக்குக் கீழ போயிருந்தா பேட்டரி மாத்தற நேரம்.

எதை மாத்தலாம், எதை முடியாது

நோயைக் கண்டுபிடிச்சாச்சு, மருந்து உள்ள போகுமான்னு பார்க்கணும். டாஸ்க் மேனேஜர்ல மெமரியைக் கிளிக் பண்ணா "ஸ்லாட்ஸ் யூஸ்டு, 2-ல 1"ன்னு மாதிரி ஒரு வரி வரும். ஒரு ஸ்லாட் காலின்னா நல்லது. ஆனா அதை மட்டும் நம்ப வேண்டாம். மெல்லிசான மாடல்கள் பலதுல ராம் போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கும், கூட்டவே முடியாது. உங்க மாடல் நம்பரைப் போட்டு கம்பெனியோட சர்வீஸ் மேனுவலைத் தேடிப் படிங்க. அதிகபட்சம் எவ்வளவு ராம் தாங்கும், டிடிஆர்3எல்லா டிடிஆர்4ஆ, எம்.2 ஸ்லாட் இருக்கா, இருந்தா அது சாட்டாவா என்விஎம்இயா, எல்லாம் அதுலயே இருக்கும். டிடிஆர்3 ஸ்லாட்ல டிடிஆர்4 போகாது. எம்.2 ஒரே மாதிரி தெரிஞ்சாலும், சாட்டா மட்டும் ஏத்துக்கற ஸ்லாட்ல என்விஎம்இ வேலை செய்யாது.

தண்ணி பட்ட லேப்டாப்னா வேற விஷயம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப நம்ம பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி வந்தது ஞாபகம் இருக்கும். அப்ப நனைஞ்சு, அப்புறம் காய வெச்சு ஓடிட்டு இருக்கற போர்டுல புதுசா காசு போடாதீங்க. உள்ள அரிப்பு மெதுவா பரவும், இன்னைக்கு ஓடறது அடுத்த மாசம் ஓடும்னு நிச்சயம் இல்ல. ஹின்ஜ் உடைஞ்சு பாடி பிளந்தது, டிஸ்ப்ளேயும் போனது, இதுக்கும் அதே பதில்தான். ரெண்டு பெரிய ரிப்பேர் சேர்ந்து வந்தா அப்கிரேட் பேச்சை விட்டுடுங்க.

விண்டோஸ் 11 என்கிற இன்னொரு கேட்

ஹார்டுவேர் நல்லா இருந்தும் சில லேப்டாப் இங்க மாட்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தர்ற சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சுது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 வேணும். அதோட ப்ராசசர் லிஸ்ட்ல இருக்கணும். சில விதிவிலக்குகளைத் தவிர, இன்டெல்னா எட்டாம் தலைமுறையும் அதுக்கு மேலயும், ஏஎம்டின்னா ரைசன் 2000 வரிசையும் அதுக்கு மேலயும். மைக்ரோசாஃப்ட்டோட பிசி ஹெல்த் செக் ஆப்பை இறக்கி ஓட்டினா ஆமா, இல்லன்னு ரெண்டுல ஒண்ணு சொல்லிடும்.

என்னோடது ஏழாம் தலைமுறை. இல்லன்னு சொல்லிடுச்சு.

அதுக்காக அடுத்த நாளே தூக்கிப் போட வேண்டியதில்ல. வீட்டு உபயோக விண்டோஸ் 10-க்கு கூடுதல் செக்யூரிட்டி அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைக்கும் இருக்கு. செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துல பதிவு பண்ணிக்கலாம். அதுக்கு அப்புறமும் அந்த லேப்டாப்ல லினக்ஸ் மின்ட் மாதிரி ஒண்ணு போட்டு நிம்மதியா ஓட்டலாம். ஆனா பிளேஸ்மென்ட் எழுதறவங்க கவனிங்க. ஆன்லைன் டெஸ்ட்ல பிரவுசரைப் பூட்டற சாஃப்ட்வேர் சிலது லினக்ஸ்ல ஓடாது. உதாரணமா சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸ், மேக், ஐஓஎஸ்ல மட்டும்தான் ஓடும். டெஸ்ட் அன்னைக்குக் காலையில இதைக் கண்டுபிடிக்காதீங்க. டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சு விண்டோஸும் வெச்சுக்கோங்க, இல்லன்னா காலேஜ் லேப்ல எழுத முன்கூட்டியே கேட்டு வைங்க.

பீரோ மேல இருக்கற அரசு லேப்டாப்புக்கும் இதே கதைதான். 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல எல்காட் மூலமா வாங்கிக் கொடுத்தது நம்ம அக்கா, அண்ணன்கள் பல பேர் வீட்ல இன்னும் இருக்கு. பழைய பேட்ச்னா விண்டோஸ் 11-ஐ மறந்துடுங்க. ஒரு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏத்தினா தம்பி தங்கச்சி படிக்கவும், சி, பைத்தான் பழகவும் தாராளமா போதும். உங்க மெயின் லேப்டாப்பா அதை நம்பாதீங்க.

இப்ப காசு கணக்கு

நான் கடைசியா செலவு பண்ணது இது. ராம் 1,100. அப்புறம் ஜூன்ல 512 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 3,200. கிளீனிங், தெர்மல் பேஸ்ட் 500. பேட்டரி 2,200. மொத்தம் 7,000. எஸ்எஸ்டி போட்ட அன்னைக்கு அதே ஸ்டாப்வாட்ச்ல 28 செகண்ட் வந்துது. நான் ஒரு தடவைக்கு மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன்.

2025 ஜூன்ல இருந்து 2026 அக்டோபர் வரைக்கும் 16 மாசம்னு வெச்சா மாசத்துக்கு 438 ரூபாய் வருது. நான் பார்த்து வெச்ச புது லேப்டாப் 52,000. அஞ்சு வருஷம் உழைக்கும்னு வெச்சா மாசத்துக்கு 867. பார்க்க ரெட்டிப்பு. ஆனா இந்தக் கணக்கை அப்படியே நம்பிடாதீங்க, ஏன்னா புதுசு ரெட்டிப்பு வேகமாவும் இருக்கும். நிஜமான வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. அந்த 52,000 எங்கிருந்து வருது?

தள்ளுச்சீட்டு எப்படின்னு நம்ம வீட்ல எல்லாருக்கும் தெரியும். சீக்கிரம் எடுத்தா தள்ளு அதிகம். ஒரு லட்ச ரூபாய் சீட்டை ஆரம்ப மாசத்துல 25,000 தள்ளி எடுத்தா கைக்கு 75,000 வரும். தள்ளின பணத்துல ஒரு பங்கு எல்லாருக்கும் மாதிரி நமக்கும் திரும்பி வரும். ஆனா முன்னாடி எடுத்ததுக்கான விலை நம்ம தலைமேலதான். லேப்டாப்போட பில்லுல அந்தத் தொகை இருக்காது. அது அப்பாவோட கணக்குல இருக்கும். எங்க வீட்ல அது அக்காவோட கணக்குல இருந்திருக்கும்.

"நோ காஸ்ட் இஎம்ஐ"யும் கிட்டத்தட்ட இதுதான். வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு இல்லன்னு 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குச் சொல்லிடுச்சு. அந்த வட்டி பிராசசிங் ஃபீஸ்ல ஒளிஞ்சிருக்கும், இல்லன்னா மொத்தமா கட்டறவங்களுக்குத் தர்ற டிஸ்கவுன்ட் உங்களுக்குக் கிடைக்காது. வாங்காதீங்கன்னு சொல்லல. மொத்தமா எவ்வளவு கட்டறோம்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

இன்னொரு முக்கியமான மாற்றம். நான் வாங்கின விலைக்கு இப்ப உங்களுக்குக் கிடைக்காது. 2025 கடைசியில இருந்து ராம், எஸ்எஸ்டி விலை நல்லா ஏறிடுச்சு. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் அள்ளிட்டுப் போறதுதான் பெரிய காரணம். க்ரூஷியல்ங்கற பேர்ல நமக்கு ராமும் எஸ்எஸ்டியும் வித்துட்டு இருந்த மைக்ரான் கம்பெனி, அந்தக் கடைத்தெரு வியாபாரத்தையே விட்டு விலகறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சுது. அதனால "ராம் சீப்புதானே, சும்மா போட்டு வைப்போம்"ங்கற பழைய அட்வைஸ் இப்போதைக்கு செல்லாது. டெஸ்ட்ல மெமரி நிரம்பலன்னா ராம் வாங்காதீங்க. புது லேப்டாப் விலையிலும் அதே சிப்தான் இருக்கு, அதுவும் ஏறும்கறதையும் மனசுல வெச்சுக்கோங்க.

நான் வெச்சுக்கற அளவுகோல் ஒண்ணு சொல்றேன். உங்க லேப்டாப்புக்கு ஆகற மொத்த அப்கிரேட் செலவையும், அப்கிரேட் பண்ண மாதிரியே இருக்கற ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விலையையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. செலவு அந்த விலையில பாதியைத் தாண்டினா நிறுத்திடுங்க. அதோட, எஸ்எஸ்டிக்குப் போடற காசு முழுசா வீணாகாது. நாளைக்கு லேப்டாப் செத்தாலும் ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கி எக்ஸ்டர்னல் டிஸ்க்கா வெச்சுக்கலாம். டிடிஆர்4 ராமை டிடிஆர்5 லேப்டாப்ல போட முடியாது. சந்தேகமா இருந்தா முதல்ல எஸ்எஸ்டி.

எப்ப கண்டிப்பா புதுசு?

என் மெக்கானிக்கல் நண்பன் ஒருத்தன் என்னைப் பார்த்துட்டு அவனும் அப்கிரேட் பண்ணான். நாலாம் தலைமுறை, ரெண்டு கோர் ப்ராசசர். எஸ்எஸ்டி, ராம்னு 9,000 செலவு. சீக்கிரம் ஆன் ஆச்சு, சந்தோஷப்பட்டான். அப்புறம் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஃப்ளோ சிமுலேஷன் போட்டான். ராத்திரி போட்டது காலையில வரைக்கும் ஓடுது, சிபியு 100-ல நிக்குது. அவனோட கேட் டிஸ்க்கே இல்ல. ரிவ்யூவுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, கடன் வாங்கி, ஒரு ரீஃபர்பிஷ்டு வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் வாங்கினான். அந்த 9,000-மும் இதுல சேர்ந்திருந்தா இன்னும் நல்லதா வாங்கியிருக்கலாம். நான் சொன்னதைக் கேட்டுதான் பண்ணான்கறது எனக்கு இன்னும் உறுத்தல். அவன்கிட்ட "உன் வேலை என்ன"ன்னு நான் கேட்கவே இல்ல.

அதனால டிபார்ட்மென்ட்டைப் பொறுத்து யோசிங்க. கோடிங், வெப், டேட்டாபேஸ், ரிப்போர்ட் எழுதறது, இதுக்கு எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் இருக்கற பழைய லேப்டாப் போதும். மெஷின் லேர்னிங் கத்துக்கறவங்க பெரிய மாடலை கூகுள் கோலாப்ல ஓட்டலாம், லேப்டாப் வெறும் ஜன்னல் மாதிரிதான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எமுலேட்டரோட சேர்த்து ஓட 16 ஜிபி ராம் கேட்கும், 8 ஜிபின்னா போனைக் கேபிள்ல மாட்டி டெஸ்ட் பண்ணுங்க. முப்பரிமாண டிசைன், சிமுலேஷன், வீடியோ எடிட்டிங் தினசரி வேலைன்னா, நாலு கோருக்குக் குறைஞ்ச பழைய ப்ராசசர்ல காசு போடாதீங்க. அதுக்கு முன்னாடி காலேஜ் லேப்ல நல்ல மெஷின் இருக்கான்னு பாருங்க. ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்காக மட்டும்னா லேப் டைம் கேட்டு வாங்கறது 60,000 மிச்சம்.

வாங்கறதுன்னு முடிவானா, 16 ஜிபி ராம் இருக்கறதையோ, 8 ஜிபியும் ஒரு காலி ஸ்லாட்டும் இருக்கறதையோ பாருங்க. சால்டர் பண்ண 8 ஜிபி வாங்கினா மூணு வருஷத்துல இதே கட்டுரையைத் திரும்பப் படிப்பீங்க. அரசு கல்லூரியில படிக்கிறவங்க இன்னொண்ணும் பண்ணுங்க. கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் தர்ற திட்டத்தை 2026 ஜனவரியில தமிழக அரசு தொடங்கியிருக்கு. உங்க பேர் லிஸ்ட்ல இருக்கான்னு ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறம் காசை எடுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பறதுக்கு முன்னாடி

நம்ம பக்கத்துல இருந்து மெட்ரோ ஏறினா நேரா அரசினர் தோட்டம் ஸ்டேஷன், அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கற தூரம். ஆனா வெறும் கையோட போகாதீங்க. முதல்ல எல்லா ஃபைலையும் வேற இடத்துல காப்பி எடுங்க. மாடல் நம்பர், ராம் வகை, ஸ்லாட் வகையை எழுதி எடுத்துட்டுப் போங்க. ரெண்டு மூணு கடையில விலை கேளுங்க. ஜிஎஸ்டி பில் வாங்குங்க, வாரண்டி கடையா கம்பெனியான்னு கேளுங்க. செகண்ட் ஹேண்ட் எஸ்எஸ்டின்னா கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு எவ்வளவு மணி நேரம் ஓடியிருக்கு, ஹெல்த் எத்தனை சதவீதம்னு அங்கேயே பாருங்க. மாட்டினதும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நீங்க காசு கொடுத்த அளவுதான் காட்டுதான்னு பார்த்துட்டு வெளிய வாங்க. என் ராமை ஒரு கடையில இதெல்லாம் பார்க்காம வாங்கிட்டு வந்து, முதல் நாள் அது வேலை செய்யாம, திரும்ப ஒரு நாள் அலைஞ்சேன்.

பழசை எங்க போடறது?

மாத்தின பேட்டரியைக் குப்பை வண்டியில போடாதீங்க. நம்ம குப்பை எங்க போகுதுன்னு நமக்குத் தெரியும், கொடுங்கையூர் மேடு கூப்பிடற தூரம். அது தீப்பிடிச்சா புகை நம்ம வீட்டுக்குத்தான் வரும். லித்தியம் பேட்டரி நசுங்கினா உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். உப்பின பேட்டரியை அன்னைக்கே கழட்டணும், குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது. 2023 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறையில இருக்கற மின்னணுக் கழிவு விதிகள்படி, பழைய சாதனத்தை மறுசுழற்சிக்கு அனுப்பற பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கு. புதுசு வாங்கும்போதோ சர்வீஸ் சென்டர்லயோ பழசை எடுத்துப்பீங்களான்னு கேளுங்க. டிஸ்க்கைக் கொடுக்கறதுக்கு முன்னாடி உங்க போட்டோ, ஆதார் காப்பி எல்லாம் அழிஞ்சதான்னு பாருங்க.

என் லேப்டாப் இப்பவும் ஓடுது. இந்தக் கட்டுரையை அதுலதான் டைப் பண்ணேன். விண்டோஸ் 10-க்கு வர்ற அக்டோபர் வரைக்கும் டைம் இருக்கு. ஆஃபர் லெட்டர் கைல இருக்கு, ஜாயினிங் ஆனா ரெண்டு, மூணு மாச சம்பளத்துல நானே புதுசு வாங்கிப்பேன். அப்ப இதை மின்ட் போட்டு பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குக் கொடுக்கறதா சொல்லியிருக்கேன், அவ இப்பவே ரெண்டு தடவை கேட்டுட்டா.

சீட்டு முழுசா முடியட்டும்னு அப்பா எடுக்காமலே விட்டுட்டார். அக்காவுக்கு தை மாசம் கல்யாணம்.

இன்னைக்கு நைட்டு வீட்ல லேப்டாப் பேச்சு எடுக்கறதுக்கு முன்னாடி, பத்து நிமிஷம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வெச்சுப் பாருங்க. எது 100-ல நிக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போய்ப் பேசுங்க.